ஈறுகளில் ரத்தம் கசிந்தால்: வாசகர் கேள்வி–பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஐயத்தைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன. வாயில் தெரியும் கோளாறுகளுக்கும் உடலின் மற்ற நோய்களுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா, உண்டென்றால் எந்த அளவுக்கு என்பதே அந்த ஐயம். தொடர்பு உண்டு, ஆனால் எல்லா நோய்களுக்கும் அது ஒரே அளவில் இல்லை. எனவே ஒவ்வொரு பதிலிலும் எது நிறுவப்பட்டது, எது நிறுவப்படாதது என்பதைப் பிரித்துச் சொல்லியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டுள்ளோம்.

கேள்வி: என் கணவருக்கு வயது 54. பதினொரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (ஹெச்பிஏ1சி) 8.5-க்குக் கீழே இறங்கவே இல்லை. ஓராண்டாகப் பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது; கீழ்வரிசை முன்பற்கள் இரண்டு ஆடுகின்றன. ஈறு சிகிச்சை செய்துகொண்டால் சர்க்கரையும் ஓரளவு குறையும் என்று பல் மருத்துவர் சொல்கிறார். பல்லுக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம், இது பணம் பறிக்கும் வழிதானே என்று கணவர் கேட்கிறார். நான் என்ன பதில் சொல்வது? – திண்டுக்கல் வாசகி

பதில்: பல் மருத்துவர் சொன்னது சரி என்று உங்கள் கணவரிடம் தயங்காமல் சொல்லலாம். வாய்க்கும் உடலுக்கும் உள்ள தொடர்புகளில் மிக உறுதியாக நிறுவப்பட்டது இதுதான்.

பல்லையும் ஈறையும் ஒட்டி ஒரு சிறு பள்ளம் எல்லோருக்கும் உண்டு. நலமாக உள்ள வாயில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும். அந்த இடத்தில் கிருமிகள் படலமாகப் படிந்து, எச்சிலில் உள்ள தாதுக்களால் இறுகிக் காரையாகிவிட்டால், பிறகு எந்தத் துலக்கியாலும் அதை எடுக்க முடியாது. கிருமிகளை எதிர்த்து உடல் நடத்தும் போராட்டத்தில் ஈறு சிவந்து, வீங்கி, பல்லிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலக, பள்ளம் பையாக ஆழமாகிறது. அதன் அடியில் பல்லைத் தாங்கும் எலும்பும் கரையத் தொடங்குகிறது. மில்லிமீட்டர் கோடுகள் பொறித்த மெல்லிய அளவுகோல் ஒன்றால் பல் மருத்துவர்களாகிய நாங்கள் இந்தப் பையை அளப்போம். நலமான இடத்தில் முதல் இரண்டு மூன்று கோடுகளோடு நின்றுவிடும் அந்தக் கருவி, நோயுற்ற இடத்தில் ஐந்து, ஆறு, ஏழு என்று கோடு கோடாக ஈறுக்குள் மறைந்துபோகும். வெளியே எடுத்த சில நொடிகளில் ஈறின் விளிம்பில் கடுகளவு ரத்தம் துளிர்த்து நிற்கும். உங்கள் கணவர் காலையில் துப்பும் எச்சிலில் பார்ப்பது அந்த ரத்தத்தைத்தான்.

நோய் முற்றியவரின் வாயிலுள்ள எல்லாப் பைகளின் உட்பரப்பையும் கூட்டிப் பார்த்தால் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு தீப்பெட்டியின் மேல்பக்கம் ஏறக்குறைய அவ்வளவுதான். சர்க்கரை நோயாளி ஒருவரின் காலில் அந்த அளவுக்கு ரத்தம் கசியும் புண் இருந்தால் வீடே பதறி அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும். அதே புண் வாய்க்குள், வலியில்லாமல், ஈறுக்கு அடியில் மறைந்திருப்பதால் ஆண்டுக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை. எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான்.

அந்தப் புண்ணில் சுரக்கும் அழற்சிப் பொருள்கள் ரத்தத்தில் கலந்து, இன்சுலின் தன் வேலையைச் செய்யவிடாமல் தடுக்கின்றன. அதனால் சர்க்கரை ஏறுகிறது. ஏறிய சர்க்கரையோ வெள்ளணுக்களின் திறனைக் குறைத்து, நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுத்து, புண் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது. அதனால் ஈறு மேலும் கெடுகிறது. இப்படி ஒன்றை ஒன்று வளர்க்கும் சுழல் என்பதால்தான், மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டே போவது பலருக்குப் போதுவதில்லை. கண், சிறுநீரகம், நரம்பு, பெரிய ரத்தக் குழாய்கள் ஆகியவற்றின் பாதிப்பு, புண் ஆறாமை ஆகிய ஐந்தோடு ஈறு நோயையும் சேர்த்து, அதை நீரிழிவின் ஆறாவது சிக்கல் என்று ஹெரால்டு லோ என்ற பல் மருத்துவ அறிஞர் 1993-லேயே எழுதினார்.

சிகிச்சையால் சர்க்கரை குறையுமா என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, 35 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2022-இல் வெளியிட்ட முடிவின்படி, ஈறு சிகிச்சை பெற்ற நீரிழிவு நோயாளிகளுக்கு மூன்று நான்கு மாதங்களில் மூன்று மாதச் சராசரி சுமார் 0.43 அளவுக்குக் குறைந்தது. அதாவது உங்கள் கணவரின் 8.5 என்பது 8-ஐ நெருங்கலாம். இது சராசரிக் கணக்கு. எல்லோருக்கும் இதே அளவு இறங்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. மாத்திரையையோ உணவுக் கட்டுப்பாட்டையோ நடையையோ இதை நம்பி விட்டுவிடவும் கூடாது. ஆயினும் 8.5-இல் ஆண்டுக்கணக்காக நின்றுவிட்ட ஒருவருக்கு இந்த இறக்கம் சிறிதல்ல.

தொடர்பின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் தறித்தொழிலாளி ஒருவர் என்னிடம் வந்தார். வயது ஐம்பதுக்குள்தான் இருக்கும். ஒரு பல்லைப் பிடுங்கிவிடுங்கள் என்றார். வாயைத் திறக்கச் சொன்னபோது ஒன்றல்ல, மூன்று இடங்களில் ஈறில் சீழ்க்கட்டி இருந்தது. அழுத்தியதும் பல்லின் ஓரமாகச் சீழ் எட்டிப் பார்த்தது. இரவில் எத்தனை முறை சிறுநீர் கழிக்க எழுகிறீர்கள் என்று கேட்டேன். நான்கு முறை, வயசாகிறதல்லவா என்றார். விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை 340 காட்டியது. தமக்கு அந்த நோய் இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். நாற்பது வயதைத் தாண்டியவருக்குக் காரணமில்லாமல் ஈறில் அடிக்கடி சீழ்க்கட்டி வந்தால், பல்லைப் பார்ப்பதோடு நிற்காமல் சர்க்கரையையும் பார்த்துவிடுவது என் வழக்கம்.

இனி உங்கள் கணவர் செய்ய வேண்டியவை. கிளீனிங் செய்தால் பல் ஆடும், பல் தேய்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். எலும்பு கரைந்த பல்லைக் காரை ஒட்டிப் பிடித்திருந்திருக்கும். அதை எடுத்தவுடன் உண்மை நிலை தெரிகிறது, அவ்வளவுதான். ஈறின் வீக்கம் வடிந்த பிறகு பல் இடுக்குகள் பெரிதாகத் தெரியும், சில வாரங்கள் குளிர்ந்த நீர் பட்டால் கூசும். அவருக்குத் தேவைப்படுவது மேலோட்டமான கிளீனிங் மட்டுமல்ல. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேர்ப்பரப்பு வரை சுத்தம் செய்யும் சிகிச்சை. அதற்கு இரண்டு முதல் நான்கு முறை போக வேண்டியிருக்கும். தொடங்கும்முன் பைகளின் ஆழத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து மீண்டும் அளக்கச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். பணம் பறிக்கும் வழியா என்ற அவருடைய கேள்விக்கு அந்த எண்களைவிட நேர்மையான பதில் இல்லை. காலைச் சிற்றுண்டியையும் மாத்திரையையும் வழக்கம்போல் எடுத்துக்கொண்டு, காலை நேரத்திலேயே போகட்டும். வெறும் வயிற்றோடு போனால் நாற்காலியிலேயே சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். அவர் புகை பிடிப்பவராக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். புகை ஈறின் ரத்தக் கசிவை மறைத்துவிடும் என்பதால், ரத்தம் வரவில்லை, ஈறு நன்றாக இருக்கிறது என்று புகைப்பவர்கள் எண்ணிக்கொள்வது பெரும்பாலும் தவறு.

கேள்வி: எனக்கு வயது 61. போன ஆண்டு இதயக் குழாயில் அடைப்பு ஏற்பட்டு ஸ்டென்ட் வைத்தார்கள். சொத்தைப் பல்லில் உள்ள கிருமிதான் இதயத்துக்குப் போய் அடைக்கிறது என்று கேள்விப்பட்டேன். இருக்கும் பற்களையெல்லாம் எடுத்துவிட்டுப் பல் செட் கட்டிக்கொண்டால் மறுபடியும் அடைப்பு வராதா? – நாகர்கோவில் வாசகர்

பதில்: அருள்கூர்ந்து அப்படிச் செய்துவிடாதீர்கள். நீங்கள் கேட்பதை மருத்துவ உலகமே ஒருமுறை நம்பிச் செய்து பார்த்துவிட்டது. வில்லியம் ஹண்டர் என்ற லண்டன் மருத்துவர் 1910-இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஆற்றிய உரையில், தங்கப் பல்லுறைகளுக்கு அடியில் தேங்கும் சீழே உடலின் பல நோய்களுக்கு மூலம் என்று கடுமையாகச் சாடினார். அதன் பிறகு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், மூட்டு வலி, ரத்தசோகை, மனநோய் என்று எதற்கெடுத்தாலும் நல்ல பற்களையும் சேர்த்துப் பிடுங்கினார்கள். 200 முடக்குவாத நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர்கள் இருவர், பல்லையும் டான்சிலையும் எடுத்ததால் பயனில்லை என்று 1938-இல் எழுதிய பிறகே அந்த வேகம் தணியத் தொடங்கியது. இழந்த பற்களை யாருக்கும் திருப்பித் தர முடியவில்லை.

இன்றைய நிலை என்ன? ஈறு நோய் உள்ளவர்களிடம் இதய நோயும் பக்கவாதமும் கூடுதலாகக் காணப்படுகின்றன. வயது, புகை, சர்க்கரை ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தாலும் அந்தத் தொடர்பு எஞ்சி நிற்கிறது. அடைப்புப் படிவுகளில் வாய்க்கிருமிகளின் மரபணுத் தடயங்களும் கிடைத்துள்ளன. ஆனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்றோ, ஈறைக் குணப்படுத்தினால் மாரடைப்பு தடுக்கப்படும் என்றோ நிறுவப்படவில்லை என்று அமெரிக்க இதயச் சங்கம் 2012-இல் எல்லா ஆதாரங்களையும் பரிசீலித்து அறிவித்தது. எனவே ஈறுக்குச் சிகிச்சை செய்துகொள்ளுங்கள்; அது ஈறுக்காகவும் பல்லுக்காகவும் அவசியம். இதயத்தைக் காக்க மாத்திரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, புகையை விடுதல் ஆகியவற்றையே நம்புங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஸ்டென்ட் வைத்தவர்கள் பல் எடுப்பதற்காக ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்திவிட்டு வருவதைப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், மருந்துக்கடைக்காரர் சொன்னார் என்கிறார்கள். பல் எடுத்த குழியில் ரத்தம் கொஞ்சம் அதிகம் கசிந்தால் பஞ்சை அழுத்தியும் தையல் போட்டும் நிறுத்திவிடலாம். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து. இதய மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட விடாதீர்கள்.

கேள்வி: மாடிப்படி ஏறும்போது இடப்பக்கக் கீழ்த்தாடை வலிக்கிறது, உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறது. இரண்டு பல் மருத்துவர்கள் பார்த்துவிட்டுப் பல்லில் கோளாறு இல்லை என்கிறார்கள். எந்த எக்ஸ்ரே எடுக்கலாம்? – விருதுநகர் வாசகர்

பதில்: இந்தக் கடிதத்துக்கு இதழ் வெளிவரும்வரை காத்திராமல் ஆசிரியர் குழுவின் மூலம் அன்றே தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். பல் வலி நடந்தால் வந்து உட்கார்ந்தால் போகாது. கடித்தால், சூடோ குளிர்ச்சியோ பட்டால், இரவில் படுத்தால் கூடும். உழைப்பில் தோன்றி ஓய்வில் மறையும் தாடை வலி, நெஞ்சு வலியே இல்லாவிட்டாலும், இதயத்தின் வலியாக இருக்கலாம். வேறு எதற்கும் முன்னால் இ.சி.ஜி எடுத்து, இதய மருத்துவரை உடனே பார்க்க வேண்டும். ஓய்வில் இருக்கும்போதே அந்த வலி வந்தாலோ, வியர்வையோ மூச்சுத் திணறலோ சேர்ந்தாலோ 108-ஐ அழைக்க வேண்டும்.

கேள்வி: சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் கெட்டுப்போன இதய வால்வை என் மகளுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் மாற்றினார்கள். வயது 23. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறாள். கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகிவிட்டது. பல்லைத் தொடவே பயமாக இருக்கிறது. – தஞ்சாவூர் வாசகி

பதில்: தாயே, தொடாமல் விடுவதுதான் இங்கே பெரிய ஆபத்து. சாப்பிடும்போதும் பல் துலக்கும்போதும்கூட வாய்க்கிருமிகள் சிறிதளவு ரத்தத்தில் கலக்கின்றன. நலமான இதயத்தில் அவை நிமிடங்களில் அழிந்துவிடும். செயற்கை வால்வில் அவை ஒட்டிக்கொண்டு வளர்ந்தால் இதய உள்ளறை அழற்சி என்ற கொடிய நோய் வரும். வாய்க்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பில் ஐயத்துக்கு இடமில்லாத பகுதி இதுதான். சொத்தையும் ஈறு வீக்கமும் இருக்கும் வாயில் கிருமி கலக்கும் வாய்ப்பு நாள்தோறும் இருக்கிறது என்பதால், உங்கள் மகளின் வாய் மற்றவர்களுடையதைவிடச் சுத்தமாக இருக்க வேண்டும்.

சிகிச்சைக்குப் போகும்போது வால்வு மாற்றியதற்கான சீட்டையும் அண்மையில் எடுத்த ஐ.என்.ஆர் (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் சோதனை) முடிவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஈறையோ வேர் நுனியையோ தொடும் சிகிச்சை என்றால், பெரியவர்களுக்கு 2 கிராம் அமாக்சிசிலின் ஒரே வேளையாக, சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடம் முன்னதாகக் கொடுப்பது நடைமுறை. பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் மருந்து மாறும். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். சிகிச்சைக்குப் பின் வரும் வாரங்களில் காரணம் தெரியாத காய்ச்சல் நீடித்தால், கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டுவிடாமல், நேரே இதய மருத்துவரிடம் போங்கள். ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர் சோதனைக்கு ரத்தம் எடுக்கும்முன் அந்த மருந்து உள்ளே போய்விட்டால், நோய் இருந்தும் சோதனையில் தெரியாமல் போகலாம்.

கேள்வி: ஆறு மாதமாக நாக்கு எரிகிறது. ரசம்கூடக் காரமாகத் தெரிகிறது. நாக்கு வழவழவென்று சிவந்திருக்கிறது. வயது 58, சைவ உணவு, ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். வயிற்றுப் புண் என்று மருந்து கொடுத்தார்கள், குறையவில்லை. – மதுரை வாசகி

பதில்: உங்கள் கடிதத்திலேயே விடைக்கான தடயங்கள் மூன்று இருக்கின்றன. நாக்கின் மேல் வெல்வெட் துணி போலச் சொரசொரப்பாக இருக்க வேண்டிய நுண்மொட்டுகள் உதிர்ந்து வழவழப்பாவது வைட்டமின் பி12 குறைவின் அடையாளங்களில் ஒன்று. மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொள்பவர்களுக்கு பி12 உடலில் சேர்வது குறைகிறது. சைவ உணவில் பால், தயிர் தவிர அது கிடைக்கும் வழி அரிது. மூன்றும் ஒருவரிடம் சேரும்போது, வயிற்றை நோக்கும் முன் ரத்தத்தை நோக்க வேண்டும். பி12 அளவு, ஹீமோகுளோபின், இரும்புச் சத்து ஆகிய மூன்றையும் சோதித்துப் பாருங்கள். இரும்பு குறைந்தாலும் நாக்கு வழவழப்பாகும், ஆனால் பெரும்பாலும் வெளிறியிருக்கும், உதட்டோரமும் வெடிக்கும்.

கால் மரத்துப்போவது, நடக்கும்போது தள்ளாடுவது போன்றவை இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்; சர்க்கரையால் வந்த மரப்பு என்று எண்ணி விட்டுவிடுவது பி12 குறைவாக இருந்துவிடுவதுண்டு. சோதனை செய்யாமல் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் சாப்பிட்டு வருவது சரியல்ல. அது ரத்தசோகையைச் சரிசெய்துவிடும்; உள்ளே நரம்பு பாதிப்பு தொடர்ந்துகொண்டே இருக்கும். மெட்ஃபார்மினை நிறுத்தத் தேவையில்லை. பி12-ஐ ஊசியாகவோ மாத்திரையாகவோ ஈடுசெய்தால் போதும்.

கேள்வி: ஐந்தாம் மாதம். ஈறு வீங்கி ரத்தம் வருகிறது. மேல் முன்பற்களுக்கு நடுவே சிவப்பாக ஒரு சிறு கட்டியும் வந்திருக்கிறது. வயிற்றுப் பிள்ளை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொள்ளும், பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் மாமியார். – திருப்பூர் வாசகி

பதில்: குழந்தைக்குத் தேவையான சுண்ணாம்புச் சத்து உங்கள் உணவிலிருந்தும், அது போதாவிட்டால் எலும்பிலிருந்தும் போகும். பல்லில் ஒருமுறை படிந்த சத்து ரத்தத்துக்குத் திரும்பி வராது. கருவுற்ற காலத்தில் பல் கெடுவது உண்மைதான், அதைக் கண்ணால் பார்த்துத்தான் உங்கள் மாமியார் சொல்கிறார். ஆனால் காரணம் வேறு. ஹார்மோன் மாற்றத்தால் ஈறு சிறிதளவு அழுக்குக்கும் பெரிதாக வீங்குகிறது. வாந்தியில் வரும் அமிலம் பல்லின் மேல்பூச்சை அரிக்கிறது. அடிக்கடி பசித்து அடிக்கடி தின்பதும் சேர்ந்துகொள்கிறது. அந்தச் சிவப்புக் கட்டி புற்றுநோய் அல்ல; பெரும்பாலானவர்களுக்குப் பிரசவத்துக்குப் பின் தானாகவே சுருங்கிவிடும். என்றாலும் ஒருமுறை நேரில் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

தள்ளிப்போட வேண்டாம். நடு மூன்று மாதங்கள்தான் பல் சிகிச்சைக்கு மிக ஏற்ற காலம். நீங்கள் இப்போது அதில்தான் இருக்கிறீர்கள். ஈறு நோய் உள்ள தாய்மாருக்குக் குறைமாதப் பிரசவம் கூடுதலாக நேர்கிறது என்று சில ஆய்வுகள் சொன்னதால், 823 கருவுற்ற பெண்களை வைத்து அமெரிக்காவில் பெரிய சோதனை நடத்தி 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். ஈறு சிகிச்சையால் குறைமாதப் பிரசவம் குறையவில்லை. அதே சமயம் தாய்க்கோ குழந்தைக்கோ அந்தச் சிகிச்சையால் தீங்கும் இல்லை. ஆகவே குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அஞ்சி ஈறு நோயோடு இருக்க வேண்டிய தேவை இல்லை. வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவற்றைத் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. வாந்தி எடுத்தவுடன் பல் துலக்காமல், ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடா கலந்து கொப்பளித்துத் துப்பிவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

கேள்வி: ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் தொடங்கி எட்டு மாதம். ஈறு வளர்ந்து பல்லை மூடுகிறது. வலி இல்லை. – சேலம் வாசகர்

பதில்: அந்த மருந்தால் சிலருக்கு இப்படி ஆவதுண்டு. வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், சிறுநீரக மாற்றுக்குப் பின் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் ஆகியவையும் இதே விளைவைத் தரும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்து எழுதியவரிடம் ஈறைக் காட்டி, வேறு வகை மருந்துக்கு மாற்ற இயலுமா என்று கேளுங்கள். காரையை எடுத்து நன்றாகத் துலக்கி வந்தாலே வளர்ச்சி பெருமளவு அடங்கும். எஞ்சியதைப் பின்னர் வெட்டி ஒழுங்குபடுத்தலாம். ஆனால் வலியில்லாமல் சில வாரங்களிலேயே ஈறு வேகமாக வீங்கி, கூடவே காய்ச்சலும் அசதியும் தோலில் ரத்தப் புள்ளிகளும் தோன்றினால், மருந்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது. சில வகை ரத்தப் புற்றுநோய்கள் முதலில் ஈறில்தான் தலைகாட்டும்; உடனே ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு வயது 79. பக்கவாதத்துக்குப் பின் ஓராண்டாகப் படுக்கையில் இருக்கிறார். இரண்டு முறை நிமோனியா வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். உணவையே சிரமப்பட்டு விழுங்குபவருக்குப் பல் துலக்கி விடுவது அவசியமா? மேல்தாடையில் பல் செட் போட்டிருக்கிறார். – காரைக்குடி வாசகர்

பதில்: மிக அவசியம். இந்தக் கேள்வியை எழுதியதற்காக உங்களுக்கு நன்றி சொல்கிறேன். படுக்கையில் இருக்கும் முதியவர்களின் உடலைத் துடைத்து, புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்து, எல்லாம் செய்யும் பிள்ளைகள்கூட வாயை மறந்துவிடுகிறார்கள். விழுங்கும் திறன் குறைந்தவருக்கு எச்சில் சிறிது சிறிதாக மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது. அந்த எச்சிலில் கிருமி நிறைந்திருந்தால் நுரையீரல் கெடுகிறது. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இருந்த 417 பேரை இரண்டு ஆண்டுகள் கவனித்து 1999-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான கவனிப்போடு விடப்பட்டவர்களில் 19 சதவீதத்தினருக்கு நிமோனியா வந்தது. ஒவ்வோர் உணவுக்குப் பின்னும் பல் துலக்கிவிடப்பட்டு, வாரந்தோறும் பல் மருத்துவரின் கவனிப்பும் பெற்றவர்களில் அது 11 சதவீதமாக இருந்தது. இத்தனைக்கும் அங்கே பெரும்பாலும் செய்தது பொறுமையாகத் துலக்கிவிட்டதுதான்.

முறையைச் சொல்கிறேன். தலைமாட்டை நன்றாக உயர்த்துங்கள்; உட்கார வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. தலையைப் பாதிக்கப்படாத பக்கமாகச் சாய்த்து, கன்னத்தின் கீழ் ஒரு துண்டை விரியுங்கள். குழந்தைகளுக்கான மென்மையான துலக்கியில் அரிசி அளவு பற்பசை போதும். நுரை அதிகமானால் புரையேறும். துலக்கியைத் தண்ணீரில் நனைத்து நன்றாக உதறிவிட்டுப் பயன்படுத்துங்கள். முன்பற்களில் தொடங்கி, பழகிய பிறகு கடைவாய்க்குப் போங்கள். செயலிழந்த பக்கத்தின் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே சோற்றுப் பருக்கையும் மாத்திரைத் துண்டும் தேங்கியிருக்கும். அது அவருக்கே தெரியாது. ஈரமான மெல்லிய துணியை விரலில் சுற்றி அந்த இடத்தை வழித்தெடுங்கள். நாக்கையும் அண்ணத்தையும் அதே துணியால் உள்ளிருந்து வெளியே துடையுங்கள். கொப்பளிக்கச் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் முடியாவிட்டாலும், இரவு உறங்கும் முன் செய்வதை எந்த நாளும் தவறவிடாதீர்கள். உமிழ்நீர் மிகக் குறைவாகச் சுரப்பது உறக்கத்தில்தான். உதடு வெடிக்காமல் இருக்கச் சிறிது வாசலின் தடவுங்கள்.

பல் செட்டை இரவில் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். சோப்புப் போட்டுத் துலக்கியால் தேய்த்துக் கழுவி, மூடியுள்ள கிண்ணத்தில் சுத்தமான தண்ணீரில் போட்டு வையுங்கள். வெந்நீரில் போட்டால் வளைந்துவிடும். கழற்றிய பின் அண்ணத்தை ஒரு டார்ச் விளக்கடித்துப் பாருங்கள். பல் செட் படும் இடம் மட்டும் சிவந்திருந்தாலோ, துணியால் துடைத்தால் உரிந்து வரும் வெள்ளைப் படலம் இருந்தாலோ அது காளான் தொற்று. அதற்கு மருந்து உண்டு. அம்மாவை அழைத்து வர இயலாவிட்டால், அதைக் கைப்பேசியில் படமெடுத்துப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.